பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கேட்டு நான் மழுப்ப வேண்டியிருக்காது. இங்கிலாந்தில், பிரைட்டன் கடற்கரையில் கூழாங்கற்களின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி வந்து என் பக்கத்தில் பையை வைத்தாள். "கண்ணு, இதைக் கொஞ்சம் பாத்துக்கிறியா? ஒரு முழுக்குப் போட்டுட்டு ஓடி வந்துடறேன்" என்றாள். "தாராளமா" என்றேன். அவள் கடலுக்குள் போனாள்.

கதை பிறந்தது அப்படித்தான். அவள் இன்னும் வரவில்லை.

வந்துவிடுவாள். அக்டோபரில் இந்தக் கடலில் யாரும் அதிக நேரம் இருப்பதில்லை. இறங்குவார்கள், குளிர் தாங்காமல் கெட்ட வார்த்தையில் கத்துவார்கள், கொஞ்சம் கை வீசுவார்கள், உதடு நீலம் பாய்ந்து திரும்பி வந்து கேக் தின்பார்கள். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தான். நான் டீயைக் குடித்து முடித்துக் கோப்பையையும் கசக்கிவிட்டேன் என்பதுதான் சின்ன உறுத்தல். சும்மா உட்கார்ந்திருந்தால் மனம் கண்டதையும் நினைக்கும். அதனால் போனை எடுத்து இதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். அவள் வந்ததும் நிறுத்திவிடுவேன். ஆகவே இது சின்னக் கதையாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்.

(பயப்படாதீர்கள் என்று ஏன் எழுதினேன்? உங்களுக்கு என்ன பயம்? அந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

2

முதல் வரி வேண்டும்.

'அன்று கடல் அமைதியாக இருந்தது.' பச்சைப் பொய். இங்கே அலைகள் கரைக்கு வெகு பக்கத்தில் வந்துதான் எழும்புகின்றன. எழும்பிய இடத்திலேயே தொப்பென்று விழுகின்றன. பின்வாங்கும்போது கல்லையெல்லாம் வழித்து இழுத்துக்கொண்டு போகிற சத்தம் மேலே சாலைவரைக்கும் கேட்கும்.

'கடலுக்குள் போனவர்களில் சிலர்' வேண்டாம். இந்த வரி எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரிகிறது. அந்தப் பக்கம் வர எனக்கு இஷ்டமில்லை.

'பெர்னிஸ் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், ஆனால் கடல்நீர் அவள் கணுக்காலுக்கு மேல் ஏறியது கிடையாது.' இது தேவலை. வைத்துக்கொள்கிறேன்.

யார் இந்த பெர்னிஸ்? இப்போதுதான் பிறந்தாள். வயது ஐம்பத்தேழு. ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். கன்னம் வீங்கி வருகிறவர்களிடம் 'கொஞ்சம் உக்காருங்க, டாக்டர் இப்பக் கூப்பிட்டுடுவார்' என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, எப்பேர்ப்பட்ட அவசரத்தையும் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிடலாம் என்ற நம்பிக்கை அவளுக்குள் ஊறிப்போயிருந்தது. என் இடத்தில் உட்காரவைக்க இப்படிப்பட்ட ஆள்தான் சரி. நானாக இருந்தால் பதறிவிடுவேன்.

புதன்கிழமைகளில் பெர்னிஸுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். சிப்ஸ் வாங்கி, வினிகரைச் சொட்டச் சொட்ட ஊற்றிக்கொண்டு, கடலுக்குள் நீளும் இரண்டு தடுப்புச் சுவர்களுக்கு நடுவில் இருக்கும் கல்மேட்டில் வந்து உட்காருவாள். கடலைப் பார்ப்பதற்காக இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேலே நடைபாதையில் சக்கரக் காலணி மாட்டிப் போகிறவர்களையும் ஜோடி ஜோடியாகச் சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்களையும் பார்ப்பாள். அதில்தான் அவளுக்குப் பொழுது போகும்.

அன்றைக்குப் பக்கத்தில் ஒரு பை வந்து இறங்கியது. பின்னாலேயே ஒரு பெண்மணி.

"இங்க யாராவது இருக்காங்களா, கண்ணு?"

"இல்லைங்க. உக்காருங்க."

"உக்கார வரல. குளிக்க வந்தேன்."

"இந்தத் தண்ணியிலயா!"

"தண்ணி அருமையா இருக்கும். காத்துதான் ஆளைக் கொல்லும்."

"எனக்குப் பாத்தாலே பல்லு கூசுது."

"பல்லு கூசினா டாக்டரைப் பாக்கணும் கண்ணு, கடலைப் பாக்கக் கூடாது."

"அங்கதான் வேலையே பாக்கிறேன்" என்றாள் பெர்னிஸ். இருவரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண்மணி அங்கியைக் கழற்றினாள். உள்ளே நீச்சல் உடை தயாராக இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காலுறைக்குள் வைத்து, காலுறையை ஷூவுக்குள் திணித்தாள். குல்லாவைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பையைக் கொஞ்சம் பாத்துக்க. இந்தக் கடற்காகங்களுக்கு வெக்கமே கிடையாது."

"நீங்க போங்க. என் கண்ணு இதை விட்டு நகராது."

பெர்னிஸ் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். ஒரு கடற்காகம் பக்கவாட்டில் நடந்து நடந்து வந்தது. "போடா திருட்டுப் பயலே" என்று சிப்ஸ் காகிதத்தால் விரட்டினாள். பையை இன்னும் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள். ஒரு தடவைகூடத் தண்ணீரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தக் கடைசி வரியை எழுதும்போது என் விரல் கொஞ்சம் நின்றது. பரவாயில்லை, தொடர்கிறேன்.

3

சிப்ஸ் தீர்ந்தபோதுதான் பெர்னிஸ் திரும்பினாள். கடலில் யாரும் இல்லை.

அதாவது, யாரும் தெரியவில்லை. இல்லாததும் தெரியாததும் ஒன்றில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தூரத்தில் கறுப்பாக ஒன்று மேலே வந்தது, உள்ளே போனது. தலைதான் என்று அவளுக்கு உயிர் வந்தது. அதற்குள் அது கழுத்தை நீட்டி, இறக்கையை உதறிக்கொண்டு பறந்துபோனது.

இந்தக் கரையில் நாலடி வைத்தால் ஐந்தாவது அடிக்குத் தரை இருக்காது. இறங்குவதாவது பரவாயில்லை. ஏறி வரும்போது காலுக்குக் கீழே கல் உருளும், பின்னாலிருந்து அலை வந்து முதுகில் அடிக்கும், எழுந்து நிற்பதற்குள் அடுத்தது வரும். ஊரில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததாலேயே யாரும் பேசுவதில்லை. உயிர்காக்கும் பையன்கள் கோடை முடிந்ததும் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அவரவர் பாடு.

தண்ணீர்வரை போய்ப் பார்க்கலாமே? போகலாம், ஆனால் பை? பையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், அந்தம்மா வேறு பக்கமாகக் கரையேறி வந்து பார்க்கும்போது பையும் இருக்காது, ஆளும் இருக்காது. கண்ணாடி வேறு ஷூவுக்குள் இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் நனைந்த உடையோடு, ஈரக்கல்லில், எல்லாச் சுவர்களும் ஒரே மாதிரி இருக்கிற கரையில் அவள் தேடி அலைவதை பெர்னிஸ் நினைத்துப் பார்த்தாள். நம்பிக் கொடுத்தவளை நடுத்தெருவில் விட்ட மாதிரி ஆகிவிடும். அவள் எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள்.

[வாசகர் பல்லைக் கடிப்பது கேட்கிறது. நம் பக்கத்துக் கடற்கரையாக இருந்தால் இந்நேரம் சுண்டல் விற்கிறவர் கூச்சல் போட்டுக் கூட்டம் கூட்டியிருப்பார். பாதிப் பேர் தண்ணீரில் இறங்கியிருப்பார்கள். மீதிப் பேர் போனவளைத் திட்டி, போகவிட்டவளையும் சேர்த்துத் திட்டியிருப்பார்கள். எனக்கும் தெரியும். ஆனால் பெர்னிஸ் இந்த ஊர்க்காரி. லிஃப்டில் மாட்டிக்கொண்டால்கூட, மணியை அழுத்தினால் யாருக்காவது தொந்தரவாக இருக்குமோ என்று யோசிக்கிற ரகம். இவர்கள் காலை நீங்கள் மிதித்தால் அவர்கள்தான் உங்களிடம் மன்னிப்புக் கேட்பார்கள். இவ்வளவு காலம் இவர்களோடு இருந்ததில் எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. நான் பெர்னிஸைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.]

அவசர எண்ணை அழைத்தால் என்ன சொல்வது என்று பெர்னிஸ் மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். 'மன்னிக்கணும், பெரிசா ஒண்ணுமில்ல. உங்களுக்கு வேலை இருந்தா வேண்டாம்.' அப்புறம் ஹெலிகாப்டர் வரும். படகு வரும். மொத்தக் கடற்கரையும் எழுந்து நின்று வேடிக்கை பார்க்கும். அந்த நேரம் பார்த்து அந்தம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, 'எனக்காகவா இந்தக் கூத்தெல்லாம், கண்ணு?' என்று கேட்டால்? அந்த வெட்கத்தை நினைத்தபோதே பெர்னிஸுக்குக் காது மடல் சுட்டது. ஒருத்தி செத்துப்போயிருக்கலாம் என்ற பயமும் எல்லோர் முன்னாலும் அசடு வழியவேண்டியிருக்கும் என்ற பயமும் ஒரே தராசில் நின்றன. முள் எந்தப் பக்கமும் சாயவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் அப்படித்தான் இருக்கிறது. இருந்தது என்று எழுதியிருக்க வேண்டும்.

4

அவளுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். கிளைவ் என்று ஒருவரைக் கொண்டுவருகிறேன். கூடவே தொப்பலாக நனைந்த நாய் ஒன்று.

"நாய்க்குக் குளிராதா?" என்று கேட்டாள் பெர்னிஸ். அவள் கேட்க நினைத்த கேள்வி வேறு.

"இதுக்கா? அறிவு இருந்தாத்தானேம்மா குளிரும். வளத்தவன் மாதிரியேதான்."

"காத்து திரும்பிடுச்சு போல."

"ஆமா. காலையில நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப கிழக்கால இழுக்குது."

"காத்தா?"

"தண்ணியச் சொல்றேன். போன வாரம் இவனுக்குப் பந்து வீசினேன். அது பாட்டுக்கு அடுத்த ஊருக்குக் கிளம்பிடுச்சு."

"பாத்துக்கிட்டேவா இருந்தீங்க?"

"பாக்காம என்ன பண்றது? கை காட்டி வழியனுப்பிட்டு வந்து புதுப் பந்து வாங்கினேன்."

அவர் சிரித்தார். பெர்னிஸும் சிரித்தாள்.

"இங்க ஒரு அம்மா நீந்தப் போனாங்க" என்றாள், மழை வரும்போல என்று சொல்கிற குரலில்.

"எப்ப?"

"இப்பத்தான். இப்பன்னா, கொஞ்சம் முன்னாடி."

கிளைவ் கடலைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ வந்தது. பிறகு போய்விட்டது.

"அட, நீச்சல்காரங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அந்தச் சுவருக்கு அந்தாண்ட கரையேறி நடந்து வருவாங்க பாருங்க. எப்பவும் அப்படித்தான்."

"ஆமாமா. அப்படித்தான் இருக்கும்."

"வரட்டுமா? இவனுக்குச் சாப்பாட்டு நேரம்."

அவர் போய்விட்டார். சுவருக்கு அந்தாண்ட யாராவது வருகிறார்களா என்று இருவருமே எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த ஆறுதலும் கையை விட்டுப் போயிருக்கும்.

(முதல் வரைவில் கிளைவ் கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராக இருந்தார். அதை அடித்துவிட்டேன். கடல் தெரிந்தவர் என்றால் அந்த இடத்திலேயே ஏதாவது செய்திருப்பார், கதை நின்றுபோயிருக்கும். கதை நிற்கக்கூடாது என்று நான் ஏன் நினைத்தேன்? கதை நின்றால் நான் தலையை நிமிர்த்த வேண்டியிருக்கும்.)

5

நிமிர்த்தினேன். சுவரைத் தாண்டி யாரும் வரவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு மணப்பெண் கூட்டம். கல்யாணத்துக்கு முன்னால் தோழிகளோடு கூத்தடிக்க இந்த ஊருக்கு வருகிறவர்கள். எல்லோர் தோளிலும் ரோஸ் நிறப் பட்டை. மணப்பெண்ணின் தலையில் பிளாஸ்டிக் கிரீடம். அவள் கல்லில் தடுக்கித் தடுக்கி என்னிடம் வந்தாள்.

"அக்கா, எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா? கடல் நல்லாத் தெரியணும்."

எடுத்தேன். அவர்கள் சிரித்தார்கள், கத்தினார்கள், ஒருத்தி விழுந்தாள். நான் போட்டோவின் மேல் மூலையில் தெரிந்த கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எதுவும் இல்லை.

"யாரோடது இது?" என்று பையைக் காட்டிக் கேட்டாள் மணப்பெண்.

"ஒருத்தங்களோடது. நீந்தப் போயிருக்காங்க."

"இந்தக் குளிர்லயா? லூசாக்கா அவங்க?"

"பழக்கப்பட்டவங்க" என்றேன்.

"நீங்க நல்லாத்தானே இருக்கீங்க? மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

"அருமையா இருக்கேன். கல்யாண வாழ்த்துகள்."

அருமையா இருக்கேன். இதைத்தான் சொன்னேன். அவள் கேட்டாள், நேருக்கு நேர் நின்று கேட்டாள், நான் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவைத்தேன். பெர்னிஸை நான் கிண்டல் செய்ததை இந்த இடத்தில் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெர்னிஸின் நீச்சல்காரிக்கு என்ன நிறக் குல்லா என்று நான் இதுவரை எழுதவில்லை, கவனித்தீர்களா? ஆரஞ்சு என்று எழுதப்போனேன். ஆரஞ்சு என்றால் தூரத்திலிருந்தே தெரியும், கண்டுபிடித்துவிடலாம். ஆனால் எனக்குப் பையைக் கொடுத்துவிட்டுப் போனவள் என்ன நிறக் குல்லா போட்டிருந்தாள் என்பது எனக்கு ஞாபகமில்லை. சாம்பலாக இருக்கலாம். நீலமாகவும் இருக்கலாம். இந்தக் கடலின் நிறமாகவே இருந்திருக்கலாம். பையைப் பற்றிக் கேளுங்கள், எல்லாம் சொல்கிறேன். வெள்ளையும் நீலமும் பட்டை போட்ட கித்தான் பை, ஒரு காது அறுந்து கறுப்பு நூலால் தைத்திருக்கிறது, துண்டின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பிளாஸ்க் மூடியில் ஒரு சொட்டை. முகத்தைக் கேட்டால் விழிக்கிறேன். என்னைப் பையைத்தானே பார்க்கச் சொன்னாள்.

6

சரி, முடிவுகளுக்கு வருவோம். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினால் பயம் தெளியும் என்பார்கள்.

(அ) பெர்னிஸ் கல்மேட்டில் எழுந்து நிற்கிறாள். சுவரின் மேல் ஒரு ஈரக்கை. பிறகு குல்லா. பிறகு முழு ஆள், தொடையெல்லாம் சிவந்து, பல் தந்தியடிக்க.

"மன்னிச்சுக்கோ கண்ணு! தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு. அங்கேருந்து வெறுங்காலோட இந்தக் கல்லுல நடந்து வந்தா உயிரே போகுது. காத்திருந்தியா பாவம்?"

"அட, இல்லைங்க. நான் சும்மாத்தான் உக்காந்திருந்தேன்."

"பயந்துட்டியா?"

"சேச்சே. எதுக்குப் பயம்?"

பையிலிருந்து எலுமிச்சை கேக் வெளியே வருகிறது. இருவரும் தின்கிறார்கள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிகிறார்கள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் பெர்னிஸ் நடைக்கூடத்திலேயே உட்கார்ந்து அழுகிறாள்.

இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. இதை எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை சுவரைப் பார்த்தேன். ஈரக்கை வரவில்லை.

(ஆ) மறுநாள் காலை, கிழக்கே இரண்டு ஊர் தள்ளி, நாயோடு நடந்துபோன ஒருவர் கரையில்

எழுதமாட்டேன். நாய் யாருடையது என்று கேட்காதீர்கள்.

(இ) என்று போட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது பை அடித்தது.

7

பெர்னிஸ் பக்கத்திலிருக்கும் பையைச் சொல்லவில்லை. என் பக்கத்தில் இருக்கிற பை. உள்ளே துண்டுக்கடியில் போன் அடிக்கிறது. நின்றது. மறுபடி அடித்தது. அதில் ஒரு பிடிவாதம் இருந்தது. அடிக்கிற ஆள் வேற்று ஆளில்லை, வீட்டு ஆள். அதிலிருந்தே தெரிந்துவிட்டது.

நான் தொடவில்லை. அடுத்தவர் பையில் கைவிடுவது இந்த ஊரில் கன்னத்தில் அறைவதைவிடப் பெரிய தப்பு. பார்த்துக்கொள்ளச் சொன்னாள், திறக்கச் சொல்லவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு, அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் முடியாததை பெர்னிஸ் செய்யட்டும். அவளை எடுக்கவைக்கிறேன்.

பெர்னிஸ் துண்டை விலக்கி, திரையில் விரிசல் விட்ட போனை எடுத்தாள்.

"அம்மா! எத்தனை தடவை அடிக்கிறது?"

"மன்னிக்கணும். நான் அம்மா இல்லைங்க."

"நீங்க யாரு?"

"நான் வந்து, பையைப் பாத்துக்கிறவ."

"எந்தப் பையை? அம்மா எங்க?"

"நீந்தப் போயிருக்காங்க."

"தனியாவா?"

"நான் இங்க இருக்கேன்" என்றாள் பெர்னிஸ். சொன்னபோதே அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"அவங்க தனியா இறங்கக் கூடாதுங்க. போன வருஷம் அலையில மாட்டி, கல்லுல உருண்டு, தோள் எலும்பு முறிஞ்சு வந்தாங்க. அப்பவே எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காங்க. கரையில யாராவது ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தாத்தான் இறங்குவேன்னு."

"என்னைப் பையைத்தாங்க பாக்கச் சொன்னாங்க."

"அந்தப் பையில என்ன இருக்கு, சொல்லுங்க? ஒரு பழைய துண்டு. சொட்டை பிளாஸ்க். இந்த உடைஞ்ச போன். எவன் தூக்கிட்டுப் போவான்? முன்னப்பின்னத் தெரியாதவங்க கிட்டப் போய் 'என்னைப் பாத்துக்கிட்டே இரு'ன்னு கேக்க எங்கம்மாவுக்கு வாய் வராது. உங்களுக்கு வருமா? எனக்கும் வராது. அதான் பையைச் சொல்லியிருப்பாங்க."

பெர்னிஸ் கடலைப் பார்த்தாள்.

"அம்மா தெரியறாங்களா இப்ப?" என்று கேட்டது குரல்.

"இல்ல."

"கூப்பிடுங்க. கண்ணாடி இல்லாம அவங்களுக்குக் கரை தெரியாது. சத்தம் கேட்டாத்தான் எந்தப் பக்கம் வர்றதுன்னு தெரியும். பேரைச் சொல்லிச் சத்தமாக் கூப்பிடுங்க. அம்மா பேரு [            ]"

8

அடைப்புக்குறி காலியாகத்தான் இருக்கிறது. என்னால் நிரப்ப முடியவில்லை. பெர்னிஸுக்கு நிமிஷத்தில் பேர் வைத்தேன், கிளைவுக்கு வைத்தேன். இவளுக்கு எதை எழுதினாலும் தப்பான ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

அந்த மகளை நான்தான் உண்டாக்கினேன். சத்தியமும் தோள் எலும்பும் என் கற்பனை. ஆனால் பையைப் பற்றி அவள் சொன்னதை நான் கற்பனை செய்யவில்லை, அது எனக்கே தெரியும். இந்தக் கரையில் எத்தனையோ பேர் என்னிடம் பையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்தப் பையிலும் திருடுகிற மாதிரி எதுவும் இருந்ததில்லை. தான் உள்ளே போனது யாரோ ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். நாமும் 'தாராளமா' என்கிறோம். பிறகு விழுந்து விழுந்து பையைப் பார்க்கிறோம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். டீ முடிந்த நேரத்திலிருந்தே பயமாகத்தான் இருக்கிறது. வெளிச்சம் வேறு இறங்கிக்கொண்டிருக்கிறது. கடற்பாலத்தில் விளக்குப் போட்டுவிட்டார்கள், ராட்டினத்துப் பாட்டு கேட்கிறது. குளிரில் விரல் விறைத்திருப்பதால் எழுத்துப் பிழை வந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பாருங்கள், இதற்கும் மன்னிப்பு.

பெர்னிஸ் எழுந்துவிட்டாள். நான் எழுப்பவில்லை, தானாகவே எழுந்துவிட்டாள். பையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கல் சரியச் சரியத் தண்ணீருக்கு ஓடுகிறாள். முழங்கால்வரை நனைந்தாகிவிட்டது. பேர் தெரியாததால் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக் கத்துகிறாள். கிளைவ் நாயை விட்டுவிட்டுத் திரும்பி ஓடி வருகிறார். மேலே நடைபாதையில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். அவள் வெட்கமில்லாமல் கத்துகிறாள். நான் உண்டாக்கியவள் என்னைவிட எவ்வளவோ மேல்.

அவசர எண்ணை அழைக்க வேண்டுமானால் நான் இதை மூடவேண்டும். இரண்டுக்கும் ஒரே போன்தான். இவ்வளவு நேரமும் அது என் கையில்தான் இருந்தது.

ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இந்தக் கதை அச்சாகி உங்கள் கைக்கு வந்துவிட்டது என்பதால், அவளும் வந்துசேர்ந்திருப்பாள் என்று தைரியமாக இருந்துவிடாதீர்கள். அது கிளைவ் சொல்கிற ஆறுதல். இந்த வரிவரைக்கும் அவள் வரவில்லை. அடுத்த வரிக்கு நான் இங்கே இருக்கமாட்டேன். பேசி முடித்ததும் அந்த மணப்பெண்ணையும் அவள் தோழிகளையும் கூப்பிடப்போகிறேன், அவர்களுக்கு நல்ல தொண்டை இருக்கிறது. எனக்கு எப்படியோ தெரியவில்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் சத்தம் போட்டதே இல்லை.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என்னை மாதிரி உட்கார்ந்து முதல் வரி தேடிக்கொண்டிருக்காதீர்கள், தண்ணீர் குளிர்ந்துகொண்டே இருக்கிறது. முதலில் அவளைக் கரையேற்றுங்கள். பெயரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.